முதலில் வந்தது ஊன்றுகோல்

(ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசையை ஒட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அர்த்தசாம வேலை இருந்தும் ஓதுவார் ஐயா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘துன்பக் காலத்தில் இறைவன் குறித்த நேரத்தை நம்புதல்’. அழைப்பிதழைப் பார்த்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சுந்தரர் குருபூசையில் இப்படி ஒரு தலைப்பா? நம்பிப் பொறுத்திருந்தவர் என்றால் திருநாவுக்கரசர் இருக்கிறார். நீற்றறையில் ஏழு நாள் அடைத்து வைத்தார்கள். குளிர்ந்த இடத்தில் இருந்தவர் போல வெளியே வந்தார். சுந்தரருக்கும் பொறுமைக்கும் வெகுதூரம். கல்யாணப் பந்தலில் வழக்காட வந்த கிழவரைப் பித்தன் என்று ஏசியவர். அவர் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டவர். அதனாலேயே வன்தொண்டர் என்று பெயர் வாங்கியவர். அவரைப் பற்றிப் பேசும் நாளில் ‘காத்திருங்கள், நம்புங்கள்’ என்று நான் சொன்னால், அவரே எழுந்து வந்து மறுப்பார்.

ஆனாலும் இந்தத் தலைப்புக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்பதற்கு அவர் கண் போன கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். முதல் பாதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்திருந்த சுந்தரர், தலயாத்திரையாகத் திருவொற்றியூருக்கு வருகிறார். அங்கே ஒரு பெண். ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவர். சிவத்தொண்டு தவிர வேறு வாழ்க்கை வேண்டாம் என்று கன்னிமாடத்தில் இருந்து பூமாலை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியார். பார்த்த கணமே சுந்தரர் மனம் போய்விட்டது. நேரே சந்நிதிக்குப் போய், ‘நீதான் முடித்து வைக்க வேண்டும்’ என்கிறார். இறைவனும் சங்கிலியார் கனவில் போய்ப் பேசுகிறார். சங்கிலியார் விவரமானவர். ‘அவருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே மனைவி இருக்கிறாரே’ என்று கேட்கிறார். ‘உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தரச் சொல்கிறேன்’ என்று ஏற்பாடு ஆகிறது.

சுந்தரருக்கோ நாளைக்கு ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டுமே என்ற கவலை. அதனால் இறைவனிடம் ஒரு தந்திரம் சொல்லிக் கேட்கிறார். ‘நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில், நீ கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு.’ சரி என்று ஒப்புக்கொண்ட இறைவன், அதே இரவில் சங்கிலியார் கனவில் போய், ‘மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல்’ என்று சொல்லிவிடுகிறார்! மறுநாள் காலையில் சந்நிதியை நோக்கி நடந்த சுந்தரரைத் தோழிமார் மறித்து, ‘இதற்கெல்லாம் சாமி முன்னால் எதற்கு, மகிழடி போதும்’ என்கிறார்கள். மாட்டிக்கொண்டார். மகிழடியில் சத்தியம் செய்தார். இன்றைக்கும் திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று அதை நடத்திக் காட்டுகிறார்கள்.

இளவேனில் வருகிறது. திருவாரூரில் வசந்த விழா நடக்குமே, பரவையார் ஆடுவாரே, பாடுவாரே என்று மனம் அலைகிறது. ஒருநாள் கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் இருண்டு போயின.

இனி மெதுவாகப் போகலாம்.

கண் போன இடத்தில் நின்று ஒற்றியூர்ப் பெருமானை நோக்கி ஒரு பதிகம் பாடுகிறார். ஏழாம் திருமுறையில் இருக்கும் 100 பதிகங்களில், தனித்திருந்து படித்தால் நெஞ்சைப் பிசைவது இதுதான் என்பது என் கருத்து. அதில் தத்துவம் கிடையாது. முகத்தில் கண் இல்லாமல் எப்படி வாழ்வேன் என்று கேட்கிறார். வீட்டுப் பெண்களிடம் தான் ஏதாவது சொன்னால், கூப்பிடாதே, குருடா, போ என்பார்களே, அதைத் தாங்க மாட்டேனே என்கிறார். எவ்வளவு உண்மையான பயம் பாருங்கள். பக்கவாதத்தில் விழுந்தவர்களோடு, வேலை போனவர்களோடு பேசிப் பார்த்தால், நோவைவிடப் பெரிதாக அவர்கள் சொல்வது இதைத்தான். என் வீட்டில் என் சொல்லுக்கு இனி மதிப்பு இருக்காது.

அதே பாட்டில் இறைவனைப் பார்த்து, மகத்தில் புகுந்த சனியாக எனக்கு நீயே ஆகிவிட்டாய் என்கிறார். மக நட்சத்திரத்தில் சனி வந்தால் பெருங்கேடு என்பது அக்காலத்து நம்பிக்கை. நாம் ஏழரைச் சனி என்று சொல்லும்போது வரும் அதே வயிற்றெரிச்சல் அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சனிக்குக் கணக்கு உண்டு. ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர 29 ஆண்டுக்கு மேல். எப்போது வருவார், எப்போது போவார் என்று பஞ்சாங்கத்தில் தேதியும் நாழிகையும் அச்சடித்திருக்கிறது. கஷ்டத்தில் இருக்கிறவர் திருநள்ளாற்றுக்குப் போய் நளதீர்த்தத்தில் முழுகி எழும்போது, அவர் மனதில் ஒரு தேதி இருக்கிறது. பெயர்ச்சி முடிந்தால் சரியாகிவிடும். நான் இதைக் கேலி செய்யவில்லை. தேதி இருந்தால் மனிதன் எதையும் தாங்கிவிடுவான்.

ஆனால் இறைவனே சனியாக வந்துவிட்டால்? அந்தப் பெயர்ச்சிக்கு எந்தப் பஞ்சாங்கத்தில் தேதி பார்ப்பது? ‘கடவுளுக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது, அப்போது எல்லாம் நடக்கும்’ என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்கிறோம் அல்லவா? அதைச் சொல்லும்போது பல சமயம் கடவுளையும் ஒரு கிரகமாக ஆக்கிவிடுகிறோம். எங்கோ தேதி குறித்தாயிற்று, நாம் உட்கார்ந்திருந்தால் அது வந்துவிடும் என்ற நினைப்பு. அது காலத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை. சுந்தரர் காலத்தை நம்பவில்லை. ஆளை நம்பினார். ஆளை நம்புகிறவன்தான் ஆளோடு சண்டை போடுவான். பஞ்சாங்கத்தோடு யாராவது சண்டை போடுவார்களா?

சண்டை என்றால், வெறும் புலம்பல் இல்லை. பேரமும் இருக்கிறது. மூன்று கண் வைத்திருக்கிற நீ என் கண்ணை எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்றால் இருக்கட்டும், நடக்க ஒரு ஊன்றுகோலாவது கொடு என்று அந்தப் பதிகத்திலேயே கேட்டு வைக்கிறார். கண் கேட்கும் பாட்டில் கோலும் கேட்கிறார்! பெரியதைக் கேட்கும்போது சின்னதைக் கேட்டால் நம்பிக்கைக் குறைவு ஆகிவிடுமோ என்று நம்மில் பலருக்குத் தயக்கம். மகனுக்குக் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர், இன்று ராத்திரி நாலு மணி நேரம் தூக்கம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வெட்கப்படுகிறார். சுந்தரருக்கு அந்த வெட்கம் இல்லை.

அங்கிருந்து நடக்கிறார். வடதிருமுல்லைவாயிலைப் பாடிவிட்டுத் திருவெண்பாக்கம் வருகிறார். திருவள்ளூருக்குப் பக்கத்தில், இன்று பூண்டி என்று நாம் சொல்லும் இடம். கொற்றலை ஆற்றின் குறுக்கே 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று. மூர்த்திகளை எடுத்துவந்து ஏரிக்கரைப் பக்கம் புதிதாகக் கோயில் கட்டியிருக்கிறார்கள். சுவாமி பெயர் ஊன்றீசுவரர். சென்னையில் குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒருமுறையாவது போய்விட்டு வரலாம்.

அந்தத் திருவெண்பாக்கத்தில் சந்நிதி முன் நின்று சுந்தரர் கேட்ட கேள்வி, நம் ஊரில் யாரும் யாரையும் கேட்கக்கூடிய கேள்விதான். ‘கோயிலுக்குள் இருக்கிறீரா?’ கண் தெரியவில்லை, அதனால் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ‘இருந்தும் என்ன பயன்’ என்ற குத்தல் என்றும் வைத்துக்கொள்ளலாம். உள்ளிருந்து கையில் ஒரு கோல் வருகிறது. கூடவே பதிலும் வருகிறது: இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான். வேறொரு ஆள் முன்பின் தெரியாதவனிடம் சொல்வது போன்ற பேச்சு.

இதைக் கேட்டுச் சுந்தரர் நொந்து பாடிய பதிகம் இருக்கிறது. பிழை செய்தால் பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே பிழை செய்தேன், உனக்குப் பழி வருமே என்றுகூடப் பார்க்காமல் என் கண்ணை மறைத்துவிட்டாயே என்கிறார். பூண்டித் தலபுராணம் இன்னொரு படி மேலே போகிறது. கோபத்தில் சுந்தரர் அந்தக் கோலை வீசியெறிய, அது நந்தியின் மேல் பட்டுக் கொம்பு உடைந்ததாம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. நான் சேக்கிழார் பக்கம்தான். ஆனால் அந்தக் கதையைக் கட்டிய ஊர்க்காரர்களுக்குச் சுந்தரரை நன்றாகத் தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கண்ணைக் கேட்டவன் கையில் கோலைக் கொடுத்தால் வேறு என்ன செய்வான்?

கேட்டதில் சின்னது கிடைத்துவிட்டது. பெரியது கிடைக்கவில்லை. துன்பக் காலத்தில் மிகவும் கடினமான கட்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றுமே கிடைக்காதபோது கோபத்தோடு நின்றுவிடலாம். கொஞ்சம் கிடைத்துவிட்டால்? மேற்கொண்டு நடந்தாக வேண்டும். டாக்டர், ‘முழுசாகக் குணமாகாது, மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம்’ என்கிறார். அந்த மாத்திரை ஊன்றுகோல். அதைச் சாமி கொடுத்ததில்லை என்று தள்ளிவிட்டு, கண் வரும் நாளுக்காக உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்தி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். சுந்தரர் கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார். திட்டிக்கொண்டேதான் நடந்தார், ஆனால் நடந்தார்.

திருவாலங்காட்டைத் தொழுது, காஞ்சிபுரம் வருகிறார். காமக்கோட்டத்தை வணங்கிவிட்டு ஏகாம்பரநாதர் சந்நிதியில் விழுகிறார். இடக்கண் மட்டும் திறக்கிறது. அந்த ஒற்றைக் கண்ணுக்காக அவர் பாடியதில் ஒரு சொல்கூட முறைப்பாடு இல்லை. காணக் கண் கிடைத்ததே என்று ஒவ்வொரு பாட்டிலும் வியக்கிறார். இன்னொன்று எங்கே என்று அங்கே கேட்கவில்லை. கேட்காமல் விட்டுவிடவும் இல்லை. அதை வைத்திருந்து திருவாரூரில் கேட்டார்.

காஞ்சிக்கு அப்புறம் எல்லாம் ஏறுமுகம்தானே என்று நினைப்போம். இல்லை. உடம்பில் நோய் பற்றிக்கொள்கிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் குத்தாலம் இருக்கிறதே, அதுதான் பழைய திருத்துருத்தி. அங்கே வடகுளத்தில் குளிக்கச் சொல்லி அருள் ஆகிறது. முழுகி எழுந்தால் உடம்பு சுத்தமாகிவிட்டது. ஆனால் கண் இன்னும் ஒன்றுதான். கோல் ஓரிடம், இடக்கண் ஓரிடம், நடுவில் புதிதாக ஒரு நோய், அது தீர்ந்தது ஓரிடம், வலக்கண் இன்னும் பாக்கி. அருள் தவணை முறையில் வருகிறது. தவணைக்கு நடுவில் வட்டி வேறு ஏறுகிறது! ஒற்றியூரிலிருந்து ஆரூருக்கு நேரே வந்தாலே 300 கிலோமீட்டர். இவர் பூண்டி, காஞ்சி என்று மேற்கே சுற்றிக்கொண்டு வந்தவர்.

ஏன் ஒரே நாளில் இரண்டு கண்ணையும் கொடுக்கவில்லை? அந்த வழியெல்லாம் பாட்டு வர வேண்டும் என்பதற்காக என்று உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் சொல்வதுண்டு. எனக்கு அந்த விடையில் விருப்பம் இல்லை. நமக்குப் பதிகம் கிடைத்தது நம்முடைய லாபம். ஒருவரை வழியெல்லாம் குருடராக நடக்க விட்டதற்கு அதைக் காரணமாகச் சொல்வது, சாவு வீட்டில் போய் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்வது போலத்தான். சேக்கிழாரிடம் ஒரு நாகரிகம் இருக்கிறது. அவர் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்தவர், 12ஆம் நூற்றாண்டில் சுந்தரரைக் காவியத் தலைவராக வைத்துப் பெரியபுராணம் பாடியவர். அந்த வழி நெடுகச் சுந்தரர் பக்கத்தில் வந்து ‘பொறுத்துக்கொள், நேரம் வரும்’ என்று சொல்ல அவர் ஒரு பாத்திரத்தைக்கூட வைக்கவில்லை.

கடைசியில் திருவாரூர். தூவாய்நாதர் கோயில் என்கிறோமே, அந்தப் பரவையுண்மண்டளியில் முதலில் பாடுகிறார். பிறகு பூங்கோயில் மூலட்டானத்துக்குப் போய் நின்று, வலக்கண்ணுக்காகப் பாடுகிறார். ஓதுவார் ஐயா இந்தப் பதிகத்தைச் செந்துருத்திப் பண்ணில் பாடக் கேட்டிருப்பீர்கள். கேட்டால் அழுகை வரும். படித்தால் வசவு என்று தெரியும். உமக்கே அடிமை என்று இருக்கிறவர்கள் உள்ளுக்குள் வெந்து, முகம் வாடி வந்து சொன்னாலும் நீர் சும்மா இருப்பீர் என்றால், நீரே நன்றாக இருந்துவிட்டுப் போம் என்பதுதான் அதன் பல்லவி போல வருவது. நம் பாட்டிமார் ‘நல்லா இரு சாமி’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்களே, அந்தத் தொனி. உங்கள் அடியார்கள் கண் தெரியாமல் மேட்டில் முட்டிப் பள்ளத்தில் விழுந்தால் அது உமக்கு அழகா என்கிறார்.

அதே பதிகத்தில், நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்றும் சொல்கிறார். வெண்பாக்கத்தில் என்ன சொன்னார்? பிழை செய்தேன், பொறுப்பாய் என்று நம்பினேன் என்றார். இப்போது குற்றமே இல்லையாம்! இதை முரண்பாடு என்று எடுத்துக்காட்டி மதிப்பெண் குறைப்பவர்கள் இருக்கலாம். நீண்ட துன்பத்தில் இருந்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். முதல் வாரத்தில் எல்லாம் என் தப்பு என்போம். ஆறு மாதம் போன பிறகு, செய்த தப்புக்கும் படுகிற பாட்டுக்கும் கணக்கு நேராகவில்லையே என்று தோன்றும். இரண்டும் உண்மையாகவே இருக்கும். சுந்தரர் இரண்டையும் மறைக்காமல் அந்தந்த ஊரில் வைத்துப் பாடிவிட்டார். இறைவனும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாயே என்று கேட்கவில்லை. வலக்கண்ணைக் கொடுத்தார்.

அதோடு நல்ல காலம் பிறந்ததா? ஒற்றியூர்க் கல்யாணச் செய்தி பரவையார் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. சுந்தரர் அனுப்பிய ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கண் வந்த கையோடு கதவு மூடியது. அதற்கும் இறைவனிடம்தான் போய் நின்றார். நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் இறைவன் இரண்டு முறை தூது நடந்தார். முதல் தடவை அர்ச்சகர் வேடத்தில் போய்த் தோற்றுத் திரும்பி, மறுபடியும் தன் உருவில் போனார். பரவையாரும் லேசுப்பட்டவர் இல்லை.

சுந்தரர் கதை இங்கே சுபமாகிறது. ஆனால் இன்னொருவர் இருக்கிறார். இந்தத் தலைப்பில் பேசிவிட்டு அவரைச் சொல்லாமல் இறங்கினால் சரியாக இருக்காது.

ஒற்றியூர் எல்லையில் கண் போனபோது, திரும்பி நாலு எட்டு வைத்திருந்தால் சங்கிலியார் வீடு. சுந்தரர் திரும்பவில்லை. மன்னிப்பு, கண், கோல் எல்லாவற்றையும் இறைவனிடம் கேட்டார். சத்தியத்தை வாங்கியவரிடம் போய் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கண்ணைப் பறித்ததே சங்கிலியார் பக்கம் நின்ற செயல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இறைவன் சாட்சியாக இருந்து சாட்சிக்கு உரியதைச் செய்தார். சரி, அதனால் சங்கிலியாருக்கு என்ன கிடைத்தது? கணவர் கண்ணிழந்தார் என்ற செய்தி கிடைத்திருக்கும். பிறகு கண் கிடைத்து ஆரூரில் பரவையாரோடு இருக்கிறார் என்ற செய்தியும் கிடைத்திருக்கும். அவருக்காக எந்தத் தெருவிலும் யாரும் நள்ளிரவில் தூது நடந்ததாகப் பாட்டு இல்லை.

காவியத்தின் கடைசியில், வெள்ளானைச் சருக்கத்தில், பரவையார் கமலினியாகவும் சங்கிலியார் அனிந்திதையாகவும் கயிலைக்குத் திரும்பி அம்மைக்குத் தொண்டு செய்ததாகச் சேக்கிழார் முடிக்கிறார். சங்கிலியாருக்குக் குறித்த நேரம் கயிலையில்தான் வந்தது என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை. சைவ மேடையில் நின்று இதைச் சொல்ல ஒருவேளை கூடாது. ஆனால், நீ உள்ளே இருக்கிறாயா என்று சந்நிதி வாசலில் நின்று கேட்டவரின் குருபூசையில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? மாசியில் மகிழடி சேவைக்குப் போகிறவர்கள் சங்கிலியார் சார்பாக அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

ஓதுவார் ஐயாவுக்கு நேரமாகிறது.